கத்தியில ஒட்டிக்கிட்டு வந்த நோய்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. அதனால நோட்டுல எழுதிக் கொண்டுவந்து வாசிக்கிறேன். நடுவுல தடுமாறினா சிரிக்காதீங்க.

போன வருஷம் இதே விழாவுல எங்க குழு ஒரு கடை போட்டிருந்தோம். சாத்துக்குடி ஒட்டுச்செடி, ஒண்ணு 60 ரூபாய். இங்க இருக்கிறவங்கள்ல சிலபேர் வாங்கிட்டுப் போனீங்க. "நல்லா பசேல்னு இருக்கே"ன்னு பாராட்டினீங்க. அந்தச் செடியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன். அதுல நோய் இருந்துச்சு. எங்களுக்கே தெரியாம வித்துட்டோம். எப்படித் தெரிஞ்சது, தெரிஞ்ச பிறகு என்ன செஞ்சோம்னு சொல்லணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. முதல்ல எனக்கு மனசு வரலை. சாதனையைச் சொல்ற மேடையில போய் இதையா சொல்றதுன்னு இருந்துச்சு. அவங்கதான், "நீ சொன்னாத்தான் இன்னொரு குழு தப்பிக்கும்"னு சொல்லி எழுத வச்சாங்க.

கதை எங்க தோட்டத்துல ஆரம்பிக்குது. எங்களுக்கு மலையடிவாரத்துல ஒன்றரை ஏக்கர். பதினொரு வருஷத்துக்கு முன்னாடி 20 அடிக்கு 20 அடி குழி எடுத்து 160 சாத்துக்குடி நட்டோம். வரிசைக்கு 16 மரம், 10 வரிசை. ஒட்டுச்செடி வெளியூர் நாற்றுப்பண்ணையில வாங்கினது. எந்த ஊர், யார்னு கேக்காதீங்க, அது இப்ப முக்கியம் இல்லை. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

சாத்துக்குடி ஒட்டுச்செடின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கீழே வேர் ஒரு ஜாதி, மேலே கிளை ஒரு ஜாதி. கீழே இருக்கிறது ரங்க்பூர் எலுமிச்சைன்னு ஒரு முரட்டு எலுமிச்சை, விதை போட்டு வளர்க்கிறது. அது விரல் தடிமன் வந்ததும் பட்டையைக் கீறி, நல்ல சாத்துக்குடி மரத்துல இருந்து ஒரு மொட்டை எடுத்து உள்ள சொருகிக் கட்டுவோம். மொட்டு பிடிச்சதும் மேலே இருக்கிற எலுமிச்சையை வெட்டி விட்ருவோம். வேரைக் கீழ்ச்செடின்னும் மொட்டு எடுக்கிற மரத்தைத் தாய்மரம்னும் சொல்றோம். இந்த ரெண்டு வார்த்தையும் ஞாபகத்துல வச்சுக்கங்க.

நட்டு நாலு வருஷம் எல்லாம் ஒண்ணுபோலத்தான் வந்துச்சு. அஞ்சாம் வருஷம் அங்கங்க சில மரம் மட்டும் வளராம நின்னு போச்சு. பக்கத்து மரம் ஆள் உயரத்துக்கு மேல போயிருக்கும், இது இடுப்பைத் தாண்டாது. இலை வெளிறிப்போய் இருக்கும். காய் பிடிக்கும், ஆனா கொஞ்சம்தான். அடிமரத்தைப் பார்த்தா, ஒட்டு இருக்கிற இடத்துக்குக் கீழே பட்டை நெட்டுக்க வெடிச்சு, காய்ஞ்ச சோளத்தட்டை உரியிற மாதிரி பட்டை பட்டையா உரிஞ்சு வந்துச்சு.

சொன்னவங்க எல்லாம் ஒவ்வொண்ணு சொன்னாங்க. உரக்கடையில பிசின் நோய்னு சொன்னாங்க. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 10 லிட்டர்னு போர்டோ பசை கலக்கி அடிமரத்துல பூசினோம். இன்னொருத்தர் துத்தநாகச் சத்து பத்தலைன்னார், அதையும் தெளிச்சோம். எங்க அத்தை கண்ணேறுன்னு சொல்லி தோட்டத்து முனையில பூசணிக்காயைக் கட்டி வச்சாங்க. பசையும் தெளிப்பும் வேற நோய்க்கு நல்லதுதான். இந்த மரங்களுக்கு ஒண்ணும் ஆகலை. பூசணிக்காயும் அழுகி விழுந்துச்சு.

பசை பூசினப்ப எந்த மரத்துக்குப் பூசினோம், எதுக்குப் பூசலைன்னு எங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் தினம் சண்டை. அதுக்காக நான் என் பொண்ணோட கட்டம் போட்ட கணக்கு நோட்டுல தோட்டத்தை வரைஞ்சேன். ஒரு கட்டம் ஒரு மரம். மூணாவது வரிசையில ஏழாவது மரம்னா 3-7. மேற்குப் பக்கம் மோட்டார் ரூம், அங்க இருந்துதான் எண்ணணும். பட்டை உரிஞ்ச மரத்துக்குச் சிவப்புப் பேனாவுல பெருக்கல் குறி. அஞ்சாம் வருஷம் 11 குறி. அவ்வளவுதான் அந்த நோட்டு. பெரிய ஆராய்ச்சி எல்லாம் பண்ணணும்னு வரையலை, சண்டையைத் தீர்க்க வரைஞ்சது. அந்த நோட்டுதான் பின்னாடி எங்களுக்கு வழி காட்டுச்சு.

எட்டாம் வருஷம் எண்ணினப்ப 11 மரம் 27 ஆயிருந்துச்சு. புதுசா 16.

அந்த வருஷம்தான் எங்க குழுவுக்கு நாற்றங்கால் யோசனை வந்துச்சு. 12 பேர். வேளாண் அறிவியல் நிலையத்துல மொட்டு கட்டுற பயிற்சி கொடுத்தாங்க, நானும் தையல்கார அக்காவும் போய்க் கத்துக்கிட்டோம். கூட்டமைப்பு மூலமா வங்கியில ஒன்றரை லட்சம் கடன். நிழல்வலை போட்டு, ரங்க்பூர் விதை வாங்கி விதைச்சோம். தாய்மரம் வேணுமே. எங்க தோட்டத்துலயே நல்லாக் காய்க்கிற மூணு மரத்தைப் பார்த்து எடுத்தோம். 6-2, 9-11, 1-14. நோய் மரம் பக்கமே போகலை. 6-2 இருக்கே, அது தோட்டத்துலயே ராணி மாதிரி. போற வர்றவங்க எல்லாம் நின்னு பார்த்துட்டுப் போவாங்க.

முதல் வருஷம் 210 செடி வித்தோம். ரெண்டாவது வருஷம் 260. போன வருஷ விழாவுல வித்தது இந்த 260-ல சேர்ந்தது.

விழா முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். வேளாண் அறிவியல் நிலையத்துல இருந்து ஒரு அம்மா நாற்றங்கால் பார்க்க வந்தாங்க. பார்த்துட்டு, "தாய்மரத்தைக் காட்டுங்க"ன்னாங்க. தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். போற வழியில பட்டை உரிஞ்ச மரத்தைப் பார்த்து நின்னுட்டாங்க. குனிஞ்சு நகத்தால சுரண்டிப் பார்த்தாங்க. ஒட்டுக்குக் கீழே வெடிப்பு, ஒட்டுக்கு மேலே சாத்துக்குடிப் பட்டை வழவழன்னு இருக்கு. யாரோ கோடு போட்டு நிறுத்தின மாதிரி. "பிசின் நோய்னா இப்படிக் கோடு பார்த்து நிக்காதேம்மா"ன்னு சொன்னாங்க. எத்தனை மரம் இப்படி இருக்குன்னு கேட்டாங்க. நான் நோட்டு இருக்குன்னு சொன்னேன். "கொண்டு வாங்க"ன்னாங்க.

அழுக்கு நோட்டை எப்படிக் காட்டுறதுன்னு, அன்னைக்கு ராத்திரி புதுப் பக்கத்துல சுத்தமா வரைஞ்சேன். அஞ்சாம் வருஷத்து 11 மரத்துக்குச் சிவப்பு, எட்டாம் வருஷத்து 16 மரத்துக்கு நீலம். வரைஞ்சு முடிச்சுட்டுப் பார்த்தா, சிவப்பு கண்டபடி சிதறிக் கிடக்கு. நீலம் அப்படி இல்லை. ஒவ்வொரு சிவப்புக்கும் பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. அதுலயும் ஒரு பக்கமாத்தான் நிக்குது. 1, 3, 5, 7-ன்னு ஒத்தைப்படை வரிசையில எல்லாம் சிவப்புக்குக் கிழக்கே நீலம். 2, 4, 6-ன்னு ரெட்டைப்படை வரிசையில சிவப்புக்கு மேற்கே நீலம். 16-ல 13 இப்படி. மூணுதான் விலகி நின்னுச்சு.

பூச்சி இப்படி வரிசை பார்த்துப் பறக்குமா? தண்ணியில வருதுன்னு வச்சா, எல்லா வரிசைக்கும் மோட்டார்ல இருந்து ஒரே பக்கமாத்தானே பாயுது. கொஞ்ச நேரம் ஒண்ணும் புரியலை. அப்புறம் எங்க வீட்டுக்காரர் கவாத்து பண்ணப் போற வழி ஞாபகம் வந்துச்சு. மோட்டார் ரூம்ல இருந்து முதல் வரிசையில கிழக்காலப் போவார். முனையில திரும்பி ரெண்டாவது வரிசையில மேற்கால வருவார். உழவு மாதிரி, போய்ப் போய்த் திரும்பி. நீலம் எல்லாம் அவர் நடந்த பக்கமாவே இருந்துச்சு. நோய் மரத்துலதான் காய்ஞ்ச குச்சி அதிகம், அதுலதான் அதிகமா வெட்டுவார். வெட்டிட்டு அதே கத்தரியோட அடுத்த மரத்துக்குப் போவார்.

அவரை எழுப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். "நானா பரப்பினேன்"னு மட்டும் கேட்டார். அந்த ராத்திரி எங்க வீட்டுல யாரும் சரியாத் தூங்கலை. கவாத்து பண்ணினா மரம் நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்லித்தானே பண்ணினார். கத்தரியைக் கழுவுன்னு ஒருத்தரும் சொல்லலையே.

மறுநாள் அந்த அம்மா நோட்டைப் பார்த்துட்டு, "வைராய்டா இருக்கலாம், பரிசோதனை பண்ணாம சொல்லக்கூடாது"ன்னாங்க. வைரஸ் தெரியும், அது என்ன வைராய்டுன்னு கேட்டேன். அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

கொரோனா வைரஸ் இருக்குல்ல, அதுக்குள்ள அதோட சமையல் குறிப்பு மாதிரி ஒரு இழை இருக்கு. அந்தக் குறிப்பு சுமார் 30,000 எழுத்து நீளம். அதைச் சுத்தி மேலே ஒரு கொழுப்பு உறை. வைராய்டுக்கு உறையே கிடையாது. வெறும் இழை மட்டும், வளையமா. நம்ம சாத்துக்குடிக்கு வர்ற எக்ஸோகார்டிஸ்ங்கிற வைராய்டு ஏறக்குறைய 370 எழுத்துதான். 30,000 எங்கே, 370 எங்கே. இவ்வளவு சின்னதுக்கு உயிர்னு சொல்றதா வேண்டாமான்னே தெரியலை. ஆனா செடிக்குள்ள போயிட்டா, செடியோட சாமானை வச்சே தன்னைப் பெருக்கிக்கும். சமையக்கட்டுக்குள்ள வந்து நம்ம அடுப்புல நம்ம அரிசியைப் போட்டுத் தனக்குச் சமைச்சுக்கிற விருந்தாளி மாதிரி.

இப்படி ஒண்ணு உலகத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சு வைராய்டுன்னு பேர் வச்சவர் தியடோர் டீனர்னு ஒரு விஞ்ஞானி, 1971-ல, அமெரிக்காவுல. அவர் பார்த்தது உருளைக்கிழங்கு நோய். அடுத்த வருஷமே இந்தச் சாத்துக்குடிக் குடும்பத்துப் பட்டை உரியிற நோயும் வைராய்டுதான்னு தெரிஞ்சுபோச்சு. நோய் அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. கலிபோர்னியாவுல 1948-லயே பேர் வச்சு எழுதியிருக்காங்க. வெட்டுற கத்தியில பரவுதுன்னு 1967-லயே நிரூபிச்சாச்சாம். நான் பிறக்கிறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி! எங்க தோட்டத்துக் கத்தரிக்கு அந்தச் சேதி வந்து சேர இத்தனை காலம் ஆயிருக்கு.

இதுல பொம்பளைங்க நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கொரோனா சமயத்துல சோப்புப் போட்டுக் கை கழுவினா போதும்னு சொன்னாங்க. அந்தக் கொழுப்பு உறை சோப்புல கரைஞ்சிடும், அதனால. வைராய்டுக்கு உறை இல்லை, சோப்பு அதை ஒண்ணும் பண்ணாது. கத்தியை நெருப்புல காட்டுறதும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறதும் நம்ப முடியாதாம். நாங்க மொட்டு கட்டும்போது கத்தியை டெட்டால்ல தொட்டுத் துணியில துடைச்சு, சுத்தமா இருக்கோம்னு பெருமையா நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

இன்னொண்ணு. இது காத்துல வராது. பூச்சி கொண்டு வராது. சாத்துக்குடி, எலுமிச்சை விதையில வராது. நோய் மரத்துப் பழத்தைச் சாப்பிட்டா மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாது, குழந்தைக்கும் கொடுக்கலாம். வர்ற வழி ரெண்டே ரெண்டு. நோய் மரத்து மொட்டு, நோய் மரத்தை வெட்டின கத்தி. அதாவது ரெண்டும் நம்ம கை வழியாத்தான். அஞ்சாம் வருஷம் சிதறிக் கிடந்த 11 சிவப்பும் நாற்றுப்பண்ணையில மொட்டோட வந்தது. நீலம் எங்க கத்தரியில போனது.

பரிசோதனைக்கு 8 மாதிரி எடுத்தோம். பட்டை உரிஞ்ச மரம் மூணு, எங்க தாய்மரம் மூணு, மொட்டே கட்டாத ரங்க்பூர் கன்னு ரெண்டு. ஒவ்வொரு மரத்துலயும் நாலு பக்கமும் இலையும் இளங்குச்சியும் எடுக்கச் சொன்னாங்க. ஒரு கிளையில இருக்கும், இன்னொண்ணுல ரொம்பக் குறைச்சலா இருக்கும், ஒரு பக்கம் மட்டும் எடுத்தா ஏமாத்திடுமாம். வெயில் காலத்துத் துளிர்ல நல்லாத் தெரியும்னாங்க. சூட்டுல இது அதிகமாப் பெருகும். மாதிரி எடுக்கவும் ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரியைக் கழுவித்தான் எடுத்தோம். பரிசோதனை என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. ஆர்டி-பிசிஆர்! நம்ம மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே, அதே வகைதான்.

இந்த மிஷின் எல்லாம் இல்லாத காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு எனக்கு ஆவல். அதுக்குன்னு ஒரு செடி இருக்காம். நம்ம நாரத்தைக்குச் சொந்தம், சிட்ரான்னு பேர், அதுல எட்ராக்னு ஒரு ரகம். சந்தேகப்படுற மரத்துல இருந்து ஒரு துண்டு எடுத்து அந்தச் செடியில ஒட்டுக் கட்டி, வெதுவெதுப்பான இடத்துல வச்சா, நோய் இருந்தா சில வாரம், மாசத்துல அதோட இலை கீழ்ப்பக்கமாச் சுருண்டு, இலைக்குப் பின்னாடி நடுநரம்பு வெடிக்குமாம். வேற மரத்துல வருஷக்கணக்கா மறைஞ்சு கிடக்கிறது அதுகிட்ட மறைக்க முடியாது. எங்க அம்மாச்சி ஞாபகம் வந்துச்சு. வீட்டுல யாருக்கு மனசு சரியில்லைன்னாலும் அவங்க முகத்துலதான் முதல்ல தெரியும்.

முடிவு வந்துச்சு. உரிஞ்ச மரம் மூணும் பாசிட்டிவ். அது எதிர்பார்த்ததுதான். ரங்க்பூர் கன்னு ரெண்டும் நெகட்டிவ், விதையில வரலைன்னு அதுலயும் தெரிஞ்சது. 9-11, 1-14 நெகட்டிவ். 6-2 பாசிட்டிவ்.

எங்க ராணி. ஒரு பட்டை உரியலை, ஒரு இலை வெளிறலை. எப்படின்னு கேட்டா, "கத்தரி வழியாப் பின்னாடி ஏறியிருக்கலாம், பட்டை வெடிக்க இன்னும் சில வருஷம் ஆகும்"னாங்க. நோய் இருக்கு, அறிகுறி இல்லை. கொரோனாவுல அப்படி எத்தனை பேரைப் பார்த்தோம். கீழ்ச்செடி ரகத்தைப் பொறுத்தும் மாறுமாம். ரங்க்பூர் இந்த நோயைக் காட்டிக் கொடுத்துடும். ஜம்பேரி மாதிரி கீழ்ச்செடியில இருந்தா ஒண்ணுமே தெரியாம இருந்துட்டு, மொட்டு வழியா அடுத்ததுக்குப் போகும். கண்ணால பார்த்துத் தாய்மரம் எடுத்தது எவ்வளவு பெரிய தப்புன்னு அப்பத்தான் உறைச்சது.

அந்த வாரக் கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். விஷயத்தைச் சொன்னதும் யாரும் பேசலை. அப்புறம் ஒரு அக்கா சொன்னாங்க, "வித்தது வித்தாச்சு. அஞ்சு வருஷம் கழிச்சுத்தானே தெரியும். அதுக்குள்ள யார் எங்க வாங்கினோம்னு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க? நாமளும் வாங்கித்தானே ஏமாந்தோம், நமக்கு யார் வந்து சொன்னாங்க?" அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடன் தவணை 12 பேர் தலையிலயும் இருக்கு. அவங்க வீட்டுல அப்ப கஷ்டம் வேற. இன்னொருத்தி, "6-2-ல எடுத்ததுக்கு மட்டும் சொல்லுவோம், மத்ததை விட்ருவோம்"னா. எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் ஆசை. ஆனா மூணு மரத்து மொட்டையும் ஒரே கத்தியிலதானே கட்டினோம். எதுல போயிருக்கும், எதுல போகலைன்னு எப்படிச் சொல்றது?

கடைசியில தையல்கார அக்காதான் பேசினாங்க. "செடி வாங்கினதுல பாதிப் பேர் நம்ம கூட்டமைப்புப் பொம்பளைங்க. கடன் வாங்கிக் குழி எடுத்திருப்பாளுங்க. அவ அஞ்சு வருஷம் தண்ணி ஊத்தினப்புறம் பட்டை உரியிறதைப் பார்த்து நாம எந்த மூஞ்சியோட அடுத்த விழாவுல உக்காருவோம்?" அதுக்கப்புறம் கை தூக்கச் சொன்னோம். 9 பேர் சொல்லிடலாம்னு. மூணு பேர் தூக்கலை. அதுல ஒருத்தர் மறுநாள் வீட்டுக்கு வந்து, "நானும் கூட வர்றேன், எந்த ஊருக்குப் போகணும்"னு கேட்டாங்க.

அப்புறம் ஒரே அலைச்சல்தான். கொரோனாவுல சுகாதாரத் துறைக்காரங்க வந்து, யாரைப் பார்த்தீங்க, எங்க போனீங்கன்னு கேட்டு எழுதினாங்களே, அதே வேலை. எங்க விற்பனை நோட்டுல பேரும் ஊரும் எண்ணிக்கையும் இருந்துச்சு. 470 செடி, 31 பேர். ரெண்டாவது வருஷம் எந்தத் தாய்மரம்னு தெரிய ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் கம்பளி நூல் கட்டியிருந்தோம். 6-2-க்கு மஞ்சள். அழகுக்குக் கட்டினதுன்னு வாங்கினவங்க நினைச்சிருக்காங்க, ஒரு வீட்டுல குழந்தை கழட்டிக் கையில கட்டியிருந்துச்சு. முதல் வருஷத்துக்கு அந்த அடையாளமும் இல்லை. அதனால அந்த 210 செடியையும் சந்தேகச் செடின்னே வச்சுக்கிட்டோம்.

31 பேர்ல 28 பேரை நேர்ல பார்த்துச் சொன்னோம். 19 பேர் செடியைப் பிடுங்க ஒத்துக்கிட்டாங்க. அவங்களுக்குப் பணம், இல்லைன்னா பின்னாடி புதுச் செடின்னு எழுதிக் கொடுத்திருக்கோம். 6 பேர், "இருக்கட்டும்மா, காய்க்கிற வரைக்கும் காய்க்கட்டும்"னுட்டாங்க. அதுவும் தப்பில்லை. நோய் வந்த மரம் உடனே சாகாது. சின்னதா இருக்கும், காய் குறையும், ஆனா பழம் பழம்தான். ஆஸ்திரேலியாவுலயும் இஸ்ரேல்லயும் மரம் குட்டையா இருக்கணும்னு வேணும்னே சில வைராய்டை ஏத்தி நெருக்கமா நட்டுப் பார்த்திருக்காங்களாம். அவங்க தெரிஞ்சு செய்றது வேற, நாம தெரியாம கொடுத்தது வேற. அந்த 6 பேருக்கும் சொன்னது ஒண்ணுதான். அதுல இருந்து மொட்டு எடுக்காதீங்க, அதை வெட்டின கத்தியால வேற சாத்துக்குடி, எலுமிச்சை, நாரத்தை எதையும் தொடாதீங்க.

மூணு பேர் எங்களைத் திட்டினாங்க. அதுல ஒருத்தர் மத்தியானம் முழுக்க வாசல்ல நிக்க வச்சுத் திட்டினார். வாங்கிக்கிட்டோம்.

நாற்றங்கால்ல விக்காம இருந்த 600 செடியையும் பிடுங்கி எரிச்சோம். அன்னைக்கு ரெண்டு அக்கா அழுதாங்க. கடன் தவணை தள்ளிப் போச்சு. கூட்டமைப்பு நிர்வாகக் குழுவுல போய் உண்மையைச் சொன்னோம், மூணு மாசம் அவகாசம் கொடுத்தாங்க. வங்கி சாரும் இங்கதான் இருக்கார், அவருக்கும் தெரியும். அந்த மூணு மாசம் சந்தா போக வீட்டுக்கு வீடு ஊறுகாய் போட்டு வித்துக் கட்டினோம். எங்க தோட்டத்து நோய் மரத்துக் காயும் அந்த ஊறுகாயில இருக்கு, ருசி நல்லாத்தான் இருந்துச்சு.

இப்ப என்ன செய்றோம்னு சொல்லி முடிச்சுக்கிறேன். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. மரத்துக்குள்ள போனதை வெளியே எடுக்க முடியாது. ஆய்வுக்கூடத்துல மட்டும், துளிரோட நுனியிலும் நுனி, கண்ணுக்குச் சரியாத் தெரியாத அளவு துண்டை எடுத்து, சுத்தமான கன்னுல ஒட்டி வளர்க்கிறாங்க. நுனி ஒட்டுன்னு பேர். அந்த நுனிக்குள்ள நோய் போயிருக்காதாம். நாக்பூர்ல இருக்கிற மத்திய எலுமிச்சை இன ஆராய்ச்சி நிறுவனத்துல இந்த முறையில நோய் இல்லாத செடி உண்டாக்குறாங்க. அங்க இருந்து தாய்ச்செடி வாங்க வேளாண் அறிவியல் நிலையம் மூலமா எழுதியிருக்கோம். வந்ததும் அதைத் தோட்டத்துல நடப் போறது இல்லை. தனியா, வலைக்குள்ள, தொட்டியில. அதுக்குன்னு தனிக் கத்தி.

கத்தி கழுவுறது இப்படி. கடையில விக்கிற வெளுப்பு நீர், சோடியம் ஹைபோகுளோரைட்னு போட்டிருக்கும், 5 சதவீதம்னு பார்த்து வாங்குங்க. அதுல ஒரு டம்ளர், தண்ணி நாலு டம்ளர். பிளாஸ்டிக் டப்பாவுல கலக்கி வச்சுக்கிட்டு, ஒரு மரம் முடிஞ்சதும் கத்தியில ஒட்டியிருக்கிற சாறு, பிசினைத் துடைச்சுட்டு முக்கி, நல்லா நனைய விட்டு எடுங்க. ரெண்டு கத்தரி இருந்தா ஒண்ணு ஊறும்போது இன்னொண்ணுல வெட்டலாம். காலையில கலக்கினது மத்தியானத்துக்கு வீரியம் போயிடும், புதுசா கலக்கணும். இரும்பு துருப்பிடிக்கும், அதனால சாயங்காலம் நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு தேங்காய் எண்ணெய் தடவி வச்சிடுவோம். இந்த நீரோட பாத்ரூம் கழுவுற ஆசிடைச் சேர்த்துடாதீங்க. விஷ வாயு வரும். குழந்தை கைக்கு எட்டாம வைங்க.

எங்க வீட்டுக்காரர் இப்ப இடுப்புல ரெண்டு கத்தரி, கையில டப்பாவோட போறார். ஊர்ல கேலி பண்றாங்க, "என்னப்பா, மரத்துக்கு ஆபரேஷனா"ன்னு. அவர் நடக்கிற வழியையும் மாத்திட்டார். நல்ல மரம் எல்லாம் முதல்ல, சிவப்பும் நீலமும் கடைசியில. நோட்டுல பத்தாம் வருஷத்துக்குப் பச்சைக் குறி போட்டிருக்கேன். 5 மரம் கூடியிருக்கு. அதெல்லாம் முன்னாடியே கத்தரி பட்டதுன்னு நினைக்கிறேன். இன்னும் சில வருஷம் குறி கூடத்தான் செய்யும். எப்ப நிக்குதுன்னு பார்க்கணும்.

9-11, 1-14 ரெண்டையும் இந்த வெயிலுக்கு மறுபடி பரிசோதனைக்கு அனுப்பறோம். ஒரு தடவை நெகட்டிவ்னு விட்ருறதில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் பந்தலுக்குப் பின்னாடி வாங்க. கத்தி கழுவுறதைச் செஞ்சு காட்டுறோம். என் நோட்டும் அங்க இருக்கு, பார்க்கிறவங்க பார்க்கலாம். உங்க தோட்டத்துக்கும் ஒரு கட்டம் போட்ட நோட்டு போதும், 20 ரூபாய்க்கு மேல ஆகாது. அப்புறம், எங்க விற்பனை நோட்டுல இருக்கிற 31 பேர்ல மூணு பேரை இன்னும் கண்டுபிடிக்க முடியலை. மூணும் முதல் வருஷம் சந்தையில வித்தது. ஊர் பேர் சரியா எழுதாம விட்டுட்டோம். ஒருத்தர் 12 செடி, ஒருத்தர் 5, ஒருத்தர் 20. உங்க ஊர்ல யாராவது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வாரச்சந்தையில பச்சை வலைக்கு அடியில உக்காந்திருந்த பொம்பளைங்ககிட்ட சாத்துக்குடி வாங்கியிருந்தா, எங்க குழுவுக்குச் சொல்லி அனுப்புங்க. நாங்களே வந்து பார்த்துக்கிறோம்.